எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு தரப்படுத்தல்கள்

போன வருடம் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு. சஹன் வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. பசியில் இருக்கும் மனிதர்கள் அரசியல் பேசுவார்கள் அல்லது சரித்திரம் பேசுவார்கள். எங்கள் வட்டத்தில் இருந்த ஓர் இளம் பொறியியலாளர் சொன்னார்: "பதியுத்தீன் மஹ்மூத் தரப்படுத்தலைக் கொண்டு வந்திருக்காட்டி எங்கட ஆக்கள்ல ஒருத்தரும் கெம்பஸ் வாசலையே கண்டிருக்க மாட்டாங்க." கண்டியிலிருந்து வந்திருந்த ஒருவர் உடனே, "அதாலதானே தமிழாக்களுக்கும் எங்களுக்கும் மனஸ்தாபம் வந்த" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். அந்தக் காலத்து ஆள். வாய் திறப்பதற்குள் சஹன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் பதில் தேவைப்படவில்லை.

அன்று சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டு பேச்சிலும் ஒரே தவறு இருந்தது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் நடந்ததை ஒரே ஒரு காரியம் போலவும், அது முஸ்லிம்களுக்குச் செய்யப்பட்ட ஒரு நன்மை போலவும் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அதில் பெருமை, மற்றவருக்குச் சங்கடம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நடந்தவை இரண்டு வேறு வேறு காரியங்கள். ஒன்று மொழிமூலம் பார்த்துப் புள்ளியை மாற்றியது. மற்றது மாவட்டம் பார்த்து இடத்தைப் பங்கிட்டது. முதலாவது எங்கள் காக்காவை வெளியே நிறுத்தியது. இரண்டாவது என்னை உள்ளே எடுத்தது. ஒரே வாப்பா, ஒரே உம்மா, ஒரே ஊர். நாலு வருட இடைவெளி.

முதலில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் தொடங்கியபோது படிப்பும் சோதனையும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம் பல்கலைக்கழகமும் இருந்தது. நம்மவர்கள் அந்த வரிசையில் கடைசிப் பக்கம். மிஷன் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற பயம் 19ஆம் நூற்றாண்டில் நமக்கு இருந்தது. அறிஞர் சித்திலெப்பை அந்தப் பயத்தோடு போராடிய கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது அறிஞர் அஸீஸைப் பற்றி. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவைக்குள் போன முதல் முஸ்லிம். யுத்த காலத்து உணவு உற்பத்தி வேலைக்காக 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வந்தவர் நெல்லை மட்டும் பார்க்கவில்லை. நெல் விளைகிற பூமியில் மூளை தரிசாகக் கிடப்பதையும் பார்த்தார். அந்த வருடமே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்று உருவாக முன்னின்றார். 1945 இல் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

அந்தக் காலத்தின் கணக்கு அதுதான். பிள்ளையிடம் திறமை இருக்கிறது, காசு இல்லை. காசைக் கொடுத்தால் சரி. இலவசக் கல்வியும் அந்த வருடத்தோடு வந்தது. ஆனால் 1960களில் வேறொரு தடை தெரிய ஆரம்பித்தது. மருத்துவம், பொறியியல் என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும். விஞ்ஞானம் என்றால் ஆய்வுகூடம் வேண்டும், இரசாயனம் படிப்பிக்க ஆள் வேண்டும். எங்கள் கரையில் அப்படிப்பட்ட பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம், அதிலும் விரல்கள் மிஞ்சும். தவளையை வெட்டிப் பார்க்காமல் விலங்கியல் எழுதிய பிள்ளைகள் உண்டு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன்காரர் கட்டியதும், அவர்களுக்குப் போட்டியாக இந்துக்கள் கட்டியதுமாக நூறு வருட உழைப்பு நின்றது. 1969 இல் நாட்டின் மக்கள் தொகையில் 7 வீதம் வாழ்ந்த வட மாகாணம் விஞ்ஞானத் துறை அனுமதிகளில் 27.5 வீதத்தை எடுத்தது என்று ஒரு கணக்கு உண்டு. அது களவெடுத்த பங்கு அல்ல, படித்து எடுத்த பங்கு. ஆனால் ஆய்வுகூடமே இல்லாத ஊர்ப் பிள்ளை அந்தச் சோதனையில் தோற்றதற்கும் திறமைக் குறைவு என்று பெயர் வைக்க முடியாது.

இன்னுமொரு விசயம். கலைப் பிரிவு 1960 அளவிலேயே சுயமொழிக்கு வந்துவிட்டது. விஞ்ஞானம் அந்தப் பத்தாண்டின் முடிவில்தான் வந்து சேர்ந்தது. எல்லாரும் ஆங்கிலத்தில் ஒரே தாளுக்கு விடை எழுதிய காலத்தில் சிங்களப் பிள்ளைக்கு ஒரு கோடு, தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு கோடு என்று போட வழியில்லை. சிங்களத் தாள், தமிழ்த் தாள் என்று இரண்டு கட்டுகளாகப் பிரிந்த பிறகுதான் அது சாத்தியமாயிற்று. சுயமொழிக் கல்வி ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தது என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். திறந்ததுதான். அந்தக் கதவுக்குள் இரண்டு வரிசைகளையும் அதுவே உண்டாக்கியது.

1970 மே மாதம் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்மொழிமூலப் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சித் தெரிவாகிறார்கள், தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளியை அள்ளிப் போடுகிறார்கள் என்று கதை கிளம்பியது. அள்ளிப் போட்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 1971 அனுமதிக்கு மொழிமூலத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி என்று வந்தது. மருத்துவத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் 400 புள்ளிக்குத் தமிழ்மொழிமூலம் 250, சிங்களமொழிமூலம் 229. பேராதனைப் பொறியியலுக்கு 250க்கு 227. கட்டுபெத்தைக்கு 232க்கு 212. பௌதிக விஞ்ஞானத்துக்கு 204க்கு 183. வரலாற்றாசிரியர் சி.ஆர். டி சில்வா 1974 இலேயே இந்தக் காலத்து அனுமதி முறைகளை ஆராய்ந்து எழுதினார். அதன் பிறகு இந்த எண்கள் எத்தனையோ புத்தகங்களில் ஏறிவிட்டன. தமிழர் உரிமை பற்றிய எழுத்துகளில் இவை மனப்பாடப் பாட்டுப்போல வரும்.

நம்முடைய எழுத்துகளில் இவை அநேகமாக வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இதைத் தமிழரின் பிரச்சினை என்று நாம் நினைத்துவிட்டோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் கோடு இனத்தைப் பார்த்துப் போட்டதல்ல, தாளின் மொழியைப் பார்த்துப் போட்டது. கல்முனையிலும் மூதூரிலும் காத்தான்குடியிலும் எருக்கலம்பிட்டியிலும் நம் பிள்ளைகள் எந்த மொழியில் எழுதினார்கள்?

எங்கள் காக்கா விஞ்ஞானம் படிக்கவென்று மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டவர். வாப்பாவுக்கு வயல் ஆறு ஏக்கர், அதில் பாதி குத்தகை. இரண்டு போகம் காக்காவின் விடுதிக் காசுக்குப் போனது. உம்மா காதில் கிடந்ததைக் கழற்றினது மூன்றாவது போகத்துக்கு. காக்காவின் மொத்தப் புள்ளி 236. வீட்டில் எல்லாருக்கும் அந்த எண் பாடம். 229ஐ விட 7 கூட, 250ஐ விட 14 குறைய. மாத்தறையில் எங்களுக்குச் சொந்தக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகள் சிங்களத்தில் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் அதே 236ஐ எடுத்திருந்தால் டொக்டர். காக்கா தமிழில் எழுதிய முஸ்லிம் என்பதால் வயலுக்குத் திரும்பினார். பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்து, கணிதம் படிப்பித்து, ஓய்வுபெற்று, மூன்று வருடத்துக்கு முன் மௌத்தானார். கடைசி வரைக்கும் அந்தக் கோட்டைப் பற்றி அவர் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் யாராவது வீட்டில் "டொக்டரிட்டப் போகணும்" என்று சொன்னால் அவர் முகம் ஒரு கணம் வேறாகும். அதைக் கண்டவன் நான்.

1971 இல் போட்டது வெறும் கோடு. 1973 இல் வந்ததுதான் சரியான பொருளில் தரப்படுத்தல். அது எப்படி வேலை செய்தது என்பதைப் பலர் விளங்காமலே திட்டுகிறார்கள், விளங்காமலே புகழ்கிறார்கள். ஒரு பாடத்தில் சிங்களமொழிமூலப் பிள்ளைகளின் சராசரி 40, தமிழ்மொழிமூலப் பிள்ளைகளின் சராசரி 46 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரப்படுத்தலில் இந்த இரண்டு சராசரியும் சமமாக்கப்படும். சராசரியிலிருந்து புள்ளிகள் எவ்வளவு தூரம் சிதறி நிற்கின்றன என்ற அளவும் சமமாக்கப்படும். தமிழில் 46 எடுத்தவரும் சிங்களத்தில் 40 எடுத்தவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். பலன் என்ன? எத்தனை பேர் எந்த மொழியில் சோதனை எழுதினார்களோ, ஏறத்தாழ அந்த விகிதத்திலேயே இடங்களும் போய்ச் சேரும். இரண்டு கூட்டமும் திறமையில் சமம், வித்தியாசம் தாளிலும் திருத்தியவரிலும்தான் என்று அது முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: தமிழ்மொழிமூலச் சராசரியை மேலே தூக்கியது யார்? யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகள், கொழும்பின் தமிழ்க் கல்லூரிகள். தூக்கியதன் விலையைக் கொடுத்தது யார்? அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமில்லை. ஆய்வுகூடம் இல்லாத பொத்துவில் பிள்ளையும் கொடுத்தான், மன்னார்ப் பிள்ளையும் கொடுத்தான், மலையகத் தோட்டத்துப் பிள்ளை தப்பித்தவறி விஞ்ஞானம் எழுதியிருந்தால் அவனும் கொடுத்தான். பின்தங்கிய கிராமத்துப் பிள்ளைக்கு நியாயம் செய்யவென்று சொல்லிக்கொண்டு வந்த முறை, அந்தக் கிராமத்தில் தமிழ் பேசினால் நியாயத்தைத் திருப்பிப் பிடித்தது. மறுபக்கம் கொழும்பு ஏழாம் வட்டாரத்து மாளிகையில் வளர்ந்து சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கும் அதே சலுகை. மொழியை வைத்து வறுமையை அளக்கப் போனால் இப்படித்தான் அளவு பிழைக்கும்.

இனி என்னுடைய கதை. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகு கிராமப்புற இளைஞரின் கோபம் ஆட்சியாளருக்குப் பயமாகவே இருந்தது. மொழிமூலத் தரப்படுத்தலால் கண்டி மலைக் கிராமத்துக்கும் மொனராகலைக்கும் பெரிதாக ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே 1974 இல் மாவட்டக் கோட்டா வந்தது. நாட்டின் மக்கள் தொகையில் மாவட்டத்துக்கு என்ன பங்கோ, இடத்திலும் அந்தப் பங்கு. 1971 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 1 கோடி 27 இலட்சம் பேர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சம். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் 2 இலட்சத்து 72 ஆயிரம் சொச்சம். அதாவது 100 இடம் என்றால் யாழ்ப்பாணத்துக்கு ஐந்து அல்லது ஆறு, அம்பாறைக்கு இரண்டு. இரண்டு என்பது சிறிய எண். ஆனால் அதற்கு முன் இருந்த எண்ணோடு ஒப்பிட்டால் அது மழை.

மொழிமூலத் தரப்படுத்தல் இல்லாமல் போய்விடவில்லை. அதன் மேலேயே கோட்டா ஏற்றப்பட்டது. என்னுடைய புள்ளியும் முதலில் தமிழ்மொழிமூலம் என்று கீழே இறக்கப்பட்டு, பிறகு அம்பாறை என்று மேலே ஏற்றப்பட்டது. இறக்கினதை விட ஏற்றினது கூட. 1975 இல் ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறி, அம்பாறை தாண்டி, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில் இரண்டு தரம் வாந்தியெடுத்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். விஞ்ஞான பீடம். எங்கள் தெருவில் முதல் ஆள். பஸ்ஸுக்கு ஏற்றிவிட வந்தவர் காக்கா.

அதே வருடத்தில் நடந்த இன்னொன்றை இதுவரை நான் எங்கும் எழுதவில்லை. எனக்கு விலங்கியல் படிப்பித்தவர் வடமராட்சி ஆள். எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து, ஊரிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். மாலையில் எங்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டு வைத்து, ஒரு சதம் வாங்காமல் படிப்பித்தார். நோன்பு காலத்தில் எங்களுக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவருடைய மகன் யாழ்ப்பாணத்தில் அதே வருடம் அதே சோதனையை எழுதினான். அவனுடைய புள்ளி என்னுடையதை விடக் கூட, கொஞ்சநஞ்சமல்ல, நல்ல கூட. அவனுக்குக் கிடைக்கவில்லை.

அனுமதிக் கடிதத்தைக் காட்டப் போனபோது எனக்கு இது தெரியாது. சேர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார், தோளில் தட்டினார், தேத்தண்ணி போட்டுத் தந்தார். மகனுடைய விசயத்தை அடுத்த கிழமை வேறொருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். திரும்பப் போய் வாசலில் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்தான் பேசினார். "தம்பி, நீ எழுதினது உன்ர சோதனை. அவன் எழுதினது அவன்ர சோதனை. நடுவில கணக்குப் பாத்தது வேற ஆக்கள். நீ போய்ப் படி." அவ்வளவுதான். மகன் பிறகு வெளிநாடு போனான் என்று அறிந்தேன்.

இதை எழுதும்போது வாசகரில் ஒருவர், "அப்ப நீங்க அந்த இடத்தை எடுத்தது பிழை என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. எடுத்தது சரி. ஆய்வுகூடம் இல்லாத இடத்திலிருந்து நான் எடுத்த புள்ளியும், எல்லாம் இருந்த இடத்திலிருந்து எடுத்த அதே புள்ளியும் ஒரே எடை அல்ல என்று இன்றைக்கும் சொல்வேன். மாவட்டக் கோட்டாவின் அடிப்படை நியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்த விதத்தில் நியாயம் இருக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு வருடம் படித்துச் சோதனைக்குத் தயாரான பிள்ளையின் காலடியில் விதியை மாற்றினார்கள். முதலில் ஆய்வுகூடம் கட்டி, பிறகு கோட்டா போட்டு, அதைப் படிப்படியாகக் குறைத்திருக்கலாம். மொழிமூலத் தரப்படுத்தலை எடுத்துவிட்டாவது கோட்டாவைக் கொண்டுவந்திருக்கலாம். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றியபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது வறியவருக்குச் செய்யும் உதவியாகத் தெரிய வழியில்லை. தன்னைக் குறிவைத்த அடியாகத்தான் தெரிந்தது. வட மாகாணத்தின் 27.5 வீதம் 1974 இல் 7 வீதமாயிற்று. 1970 இலேயே தமிழ் மாணவர் பேரவை தொடங்கிவிட்டது. அதன் பிறகு நடந்தவை நம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்தன.

சி.ஆர். டி சில்வா தன் ஆய்வில், மாவட்டக் கோட்டாவால் கூடுதலாகப் பயனடைந்தவர்களில் கண்டிச் சிங்களவரையும் முஸ்லிம்களையும் சேர்த்துச் சொன்னார். அமைச்சர் முஸ்லிம், பயனடைந்தவரில் முஸ்லிம். இரண்டையும் சேர்த்து ஒரு கதை கட்டுவது இலகு. யாழ்ப்பாணத்தில் அந்தக் கதை கோபமாகப் பேசப்பட்டது, நம் ஊர்களில் நன்றியாகப் பேசப்பட்டது. கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத் முஸ்லிம் பாடசாலைகளுக்கும், முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களுக்கும், மௌலவி ஆசிரியர்களுக்கும் செய்தவை உண்மையான சேவைகள். அவற்றை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அவருடைய அமைச்சின் காலத்தில் வந்த முதலாவது முறை தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளையை வெட்டியது. இரண்டாவது முறை நம்மில் ஒரு பகுதிக்கு உதவியது. முழு அமைச்சரவையும் எடுத்த அரசியல் முடிவுக்கு ஒரு மனிதரின் பெயரை ஒட்டிவிட்டார்கள். நாமும் அந்த ஒட்டுக்குப் பசை தடவினோம். அந்த முறையால் காக்காவைப் போல எத்தனை பேர் வயலுக்கும் கடைக்கும் திரும்பினார்கள் என்று நம்முடைய சமூகம் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

நம்மில் ஒரு பகுதிக்கு என்று சொன்னேன். மற்றப் பகுதி யார்? யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளையை எடுங்கள். சோனகத் தெருவில் பிறந்து, ஒஸ்மானியாவில் படித்து, தமிழில் சோதனை எழுதியவன். மொழிமூலத்தில் ஒரு வெட்டு. யாழ்ப்பாண மாவட்டம் என்று இன்னொரு வெட்டு. 'முஸ்லிம்களுக்கு நன்மை' என்ற பேச்சில் அவன் எங்கே? அறிஞர் அஸீஸ் பிறந்த மண்ணின் பிள்ளை அவன். அஸீஸ் 1973 நவம்பரில் மௌத்தானார். முதலாவது முறையைக் கண்டார், இரண்டாவதைக் காணவில்லை. அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து உப்புக் காற்றில் ஓலைக் குடிசைகளில் இருந்தபோது, எந்த மாவட்டத்துப் பிள்ளை என்ற கேள்வியே அவர்களுக்கு வேறு பாரமாயிற்று.

கொழும்பு முஸ்லிம் பிள்ளையையும் எடுங்கள். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் ஒரே அறையில் ஏழு பேரோடு படிப்பவள் கொழும்பு மாவட்டம். நாட்டின் பெரிய கல்லூரிகளோடும் பெரிய டியூட்டரிகளோடும் அவள் ஒரே வரிசையில் நிற்கிறாள். மாவட்டம் என்ற அளவுகோல் ஊரைப் பார்க்கும், வீட்டைப் பார்க்காது. அம்பாறைக்குள்ளும் அப்படித்தான். கல்முனைப் பட்டினத்துப் பிள்ளையும் இறக்காமத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டம். நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளரின் தலைகளை எண்ணி மாவட்டத்தின் பங்கு கணக்கிடப்பட்டது. ஆனால் அந்தத் தோட்டங்களில் உயர்தர விஞ்ஞானம் படிக்க இடமில்லை. எண்ணிக்கை அவர்களுடையது, இடம் வேறு ஆட்களுடையது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எதிர்ப்புக் கூடியதும் 1976 இல் 70 வீதம் புள்ளி, 30 வீதம் மாவட்டம் என்றும், அந்த 30இல் பாதி பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்றும் மாற்றினார்கள். 1977 இல் ஆட்சி மாறியது. மொழிமூலத் தரப்படுத்தல் 1978 இல் ஒழிக்கப்பட்டது. அந்த ஒரு வருடம் மட்டும் பழைய முறையில் தகுதி பெற்றவரையும் புதிய முறையில் தகுதி பெற்றவரையும் சேர்த்தே எடுத்தார்கள். யாரையும் அழவைக்காமல் விதியை மாற்ற முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. 1974 இல் அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. 1979 இல் 30 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். இன்றைக்கு அது 40, 55, 5 என்று நிற்கிறது. மொழிமூலத் தரப்படுத்தல் போய் நாலு பத்தாண்டுக்கு மேலாகியும், 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் நாம் இன்னும் அழைக்கிறோம்.

2001 இலிருந்து இஸட் புள்ளி. இது இன்னும் விசித்திரம். இஸட் புள்ளியின் கணக்கு என்ன? சராசரியைக் கழித்து, சிதறலால் வகுப்பது. 1973 இன் தரப்படுத்தலும் இதே குடும்பத்துக் கணக்குத்தான்! அப்போது மொழிமூலக் கூட்டத்தின் சராசரியைக் கழித்தார்கள். இப்போது ஒரு பாடத்தை எழுதிய எல்லாரும் ஒரே கூட்டம். உயிரியலும் பௌதிகவியலும் ஒரே அளவு கஷ்டமில்லை என்பதால் அதைச் சமப்படுத்துகிறது, அதில் பிழையில்லை. கணக்கு ஒன்றுதான். யாரை யாரோடு ஒரே கூட்டமாக வைக்கிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டப் பிள்ளைகளையும் புதிய பாடத்திட்டப் பிள்ளைகளையும் ஒரே கூட்டமாகப் போட்டு இஸட் புள்ளி எடுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் அந்தப் புள்ளிகள் செல்லாது, இரண்டையும் வேறு வேறாகக் கணக்கிடுங்கள் என்று தீர்ப்பாயிற்று. அந்த வழக்குச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோது காக்கா உயிரோடிருந்தார். கணித ஆசிரியர் அல்லவா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கூட்டத்தைப் பிழையாப் பிரிச்சாலும் பிழ, பிழையாச் சேத்தாலும் பிழ" என்றார். என் நினைவில் அந்த விசயத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இன்று 16 மாவட்டங்கள். அம்பாறை, மன்னார், புத்தளம், திருகோணமலை, மொனராகலை எல்லாம் இருக்கின்றன. யாழ்ப்பாணமும் இருக்கிறது. 1974 இல் அளவுக்கு மிஞ்சி முன்னேறியதென்று வெட்டப்பட்ட மாவட்டம், பிறகு கைகொடுத்துத் தூக்கவேண்டிய பட்டியலில் வந்து சேர்ந்தது. என் விலங்கியல் சேர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

காக்காவின் மூத்த மகன் கொழும்பில் வியாபாரம். அவருடைய மகள், அதாவது காக்காவின் பேத்தி, போன முறை உயர்தரம் உயிரியல் எழுதினாள். தமிழ்மொழிமூலம்தான். மருத்துவத்துக்குக் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தசம தானத்தில் தவறவிட்டாள். அதே புள்ளி அம்பாறை மாவட்டத்துக்கு என்றால் தாராளமாகக் காணும். பெறுபேறு வந்த இரவு மகன் எனக்கு டெலிபோன் எடுத்தார். "சாச்சா, ரெண்டு மூணு வருசத்துக்கு முன்ன இவள ஊர் ஸ்கூல்ல போட்டிருந்தா இந்நேரம் கெம்பஸ். எத்தனை பேர் இப்ப அப்படிச் செய்றாங்க." உண்மைதான், செய்கிறார்கள். பட்டினத்தில் டியூட்டரிக்குப் போய்க்கொண்டே பின்தங்கிய மாவட்டத்துப் பாடசாலையில் பெயரைப் பதிகிறார்கள். விதி இறுக இறுக வழியும் கண்டுபிடிக்கிறார்கள். பொத்துவில் பிள்ளைக்கென்று ஒதுக்கிய இடம் அப்படித்தான் கரைகிறது.

நான் அவருக்கு அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட வாப்பாவுக்கு ஒருக்கா, இப்ப இவளுக்கு ஒருக்கா. இடையில நீங்க மட்டும் தப்பிட்டீங்க, சாச்சா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிள்ளை இரண்டாம் தரம் எழுதப் போகிறாள். விலங்கியல் பகுதிக்கு என்னுடைய பழைய கொப்பிகளைக் கேட்டாள். சேர் வரையச் சொல்லி நான் வரைந்த தவளையின் படங்கள் அதில் இருக்கின்றன. எங்களுக்கு வெட்டிப் பார்க்கத் தவளை கிடைக்காததால் அவர் சோக்கால் கரும்பலகையில் வரைந்து காட்டியவை. பாடத்திட்டம் எத்தனையோ தரம் மாறிவிட்டது, அவளுக்கு அது ஒன்றுக்கும் உதவாது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை கொழும்பு போகிறவர் ஒருவரிடம் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.